பட்டம் வந்தது, அணி தங்கவில்லை: கோவை நேரு ஸ்டேடியமும் கில்லார்னி மைதானமும்

2019 மார்ச் 9. ஐ-லீக் கால்பந்து சீசனின் கடைசி நாள். கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணியும், முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாப் அணியும் மோதின. சென்னை சிட்டி 40 புள்ளியுடன் முன்னால் நின்றது. ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளியுடன் அதன் குதிகாலை மிதித்துக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவுடன் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே மினர்வா ஒரு கோல் போட்டது. இடைவேளை வரை அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டியைப் பெட்ரோ மான்சி கோலாக்கினார். அதன்பின் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. ஆனாலும் 43-க்கு 42 என்று ஒற்றைப் புள்ளி வித்தியாசத்தில் பட்டம் கோவையிலேயே நின்றது. தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ-லீக் பட்டம் வென்றது அதுவே முதல் முறை.

மூன்றாவது ஆண்டில், 2021-22 ஐ-லீக் அணிகளின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை.

ஒரு மாவட்டத் தலைநகரின் மைதானத்துக்கு இவ்வளவு பெரிய வெற்றி வந்தும் அது ஏன் ஊரில் ஒட்டவில்லை? பணமில்லை, அரசு கவனிக்கவில்லை, எல்லாரும் கிரிக்கெட்டின் பின்னால் போய்விட்டார்கள் என்று வழக்கமான பதில்கள் உண்டு. எதுவும் முழுப் பதில் இல்லை. இதைப் புரிந்துகொள்ள வேறொரு மைதானத்தை நேரு ஸ்டேடியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும். அது அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி என்ற கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், கில்லார்னி என்ற சிற்றூரில் இருக்கிறது. பெயர் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஸ்டேடியம். அங்கே ஆடப்படுவது கேலிக் கால்பந்து.

அந்த ஆட்டத்தை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். ஒரு பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், குத்தித் தள்ளலாம், உதைக்கலாம். கையில் வைத்துக்கொண்டே ஓடிவிட முடியாது. நான்கு எட்டுக்குள் தரையில் ஒருமுறை தட்டவேண்டும், அல்லது காலில் போட்டு மீண்டும் கைக்கு எடுக்கவேண்டும். கோல் கம்பம் ஆங்கில ‘எச்’ எழுத்துப்போல் உயர்ந்து நிற்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் 3 புள்ளி, மேலே போனால் 1 புள்ளி. 2025 முதல் தூரத்திலிருந்து மேலே அடித்தால் 2 புள்ளி. இந்த ஆட்டத்தை ஆள்வது 1884-ல் தர்லஸ் என்ற ஊரில் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுச் சங்கம். ஆங்கிலேய ஆட்சியில் அயர்லாந்தின் சொந்த ஆட்டங்கள் அழியாமலிருக்க வேண்டும் என்று தொடங்கியது. இன்றைக்கும் அதன் ஆட்டக்காரர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. நாட்டின் மிகப் பெரிய அரங்கமான டப்ளின் குரோக் பார்க்கில் 82,000 பேர் முன்னால் இறுதிப் போட்டி ஆடியவர், அடுத்த வாரம் பள்ளியிலோ வங்கியிலோ தன் வேலைக்குப் போவார்.

கணக்கைப் பார்த்தால் இரண்டு மைதானங்களும் அருகருகே வருகின்றன. நேரு ஸ்டேடியத்தில் சுமார் 30,000 பேர் உட்காரலாம் என்பார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் ஸ்டேடியத்தில் 38,000 பேர். ஊர்களைப் பார்க்கும்போதுதான் திடுக்கிடுகிறது. கோவை மாநகராட்சியின் மக்கள் தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மாவட்டத்தில் 34 லட்சத்துக்கு மேல். கில்லார்னியில் வசிப்பவர்கள் 15,000 பேர்கூட இல்லை. கெர்ரி முழுவதும் சேர்த்தால் ஒன்றரை லட்சம் சொச்சம். அதாவது ஊர் மக்களைப்போல் இரண்டரை மடங்கு ஆட்களை உட்கார வைக்கும் மைதானம் அது. அதைக் கட்டியவர்கள் ஊருக்காக மட்டும் கட்டவில்லை, மாவட்டத்துக்காகக் கட்டினார்கள். கெர்ரியும் அண்டைக் கவுண்டியான கார்க்கும் மோதும் நாளில் அந்தச் சிற்றூரின் தெருக்கள் முழுவதும் பச்சையும் தங்க நிறமும் ஒரு பக்கம், சிவப்பும் வெள்ளையும் மறுபக்கம்.

அது எழுந்த கதை கேட்கத் தகுந்தது. 1930-ல் டிக் ஃபிட்ஸ்ஜெரால்ட் இறந்தார். கில்லார்னிக்காரர், டாக்டர் குரோக்ஸ் என்ற உள்ளூர் கிளப்பில் ஆடியவர், கெர்ரி அணியில் 5 முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றவர். அதில் 1913, 1914 இரண்டும் அவர் தலைமையில். 1914-ல் கேலிக் கால்பந்தை எப்படி ஆடுவது என்று அவர் எழுதிய கையேடுதான் அந்த ஆட்டத்துக்கான முதல் பயிற்சி நூல். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் அவரை வேல்ஸிலிருந்த ஃப்ரோங்காக் முகாமில் சிறை வைத்தார்கள். அங்கேயும் கைதிகளோடு பந்தாடினார். அவர் இறந்தது ஒரு இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு; அந்தப் போட்டியில் கெர்ரி வென்றது. அவருக்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்று ஊர் முடிவு செய்தபோது சிலை வைக்கவில்லை, மைதானம் கட்டினார்கள். 1936 மே மாதம் அது திறக்கப்பட்டது.

கட்டும் வேலைக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஈமன் ஓ'சல்லிவன். மைதானத்துக்குப் பக்கத்திலிருந்த மனநல மருத்துவமனையின் மருத்துவர். கெர்ரி அணிக்குப் பயிற்சியாளரும் அவர்தான். 1924-க்கும் 1962-க்கும் இடையே 8 பட்டங்கள் அவர் பயிற்சியில் வந்தவை. வேலை செய்வதே நோயாளிக்கு மருந்து என்று நம்பியவர். அதனால் மைதானத்தின் மண்ணைச் சமன்செய்யும் வேலையில் மருத்துவமனையில் இருந்தவர்களும் இறங்கினார்கள். சிகிச்சையில் இருந்தவர்களின் உடல் உழைப்பை அப்படிப் பயன்படுத்தியது சரியா என்று இன்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. அந்தக் காலத்து மருத்துவம் அதைச் சிகிச்சை என்றே கருதியது. எப்படியானாலும், அந்தப் புல்லின் அடியில் ஊரில் யாரும் எண்ணிப் பார்க்காத மனிதர்களின் வியர்வையும் இருக்கிறது. கில்லார்னி இந்தக் கதையை மறைக்காமல் சொல்லிவருகிறது.

நம் மைதானத்தின் பிறப்புக்கு இப்படிக் கதை இல்லை. 1971-ல் நேரு ஸ்டேடியம் கட்டப்பட்டது. வ.உ.சி. பூங்காவை ஒட்டிய நல்ல இடம், நகரத்தின் நடு. சுற்றிலும் கடைகள். கார் அலங்காரச் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கும் அந்த இடம் ‘ஸ்டேடியம்’தான், உள்ளே புல்வெளி இருப்பதை நினைக்காமலே பல்லாயிரம் பேர் அந்தச் சுவரைக் கடந்து போகிறார்கள். நேருவின் பெயர் பொருந்தாத பெயர் அல்ல. ஆனால் அதே பெயரில் சென்னையில், டெல்லியில், கொச்சியில் என்று நாடெங்கும் மைதானங்கள் உண்டு. ஒரு மைதானத்தின் பெயர், அங்கே ஆடிய ஒருவரை நினைவுபடுத்துவது வேறு. அரசு கட்டிய ஆண்டை நினைவுபடுத்துவது வேறு. கோவைக்கு அந்த முதல் வகை தெரியாதது அல்ல. செட்டிபாளையம் அருகே இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே, பந்தய வீரரும் பந்தயக் கார் வடிவமைப்பாளருமான எஸ். கரிவர்தனின் பெயரைத் தாங்குகிறது. 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் கோவைக்காரர். மோட்டார் பந்தயத்தில் கோவை தன் ஆளைத் தானே அடையாளம் கண்டது. கால்பந்தில் அது நடக்கவில்லை.

நடந்த ஆட்டங்களைப் பார்ப்போம். 1937-ல் டப்ளின் குரோக் பார்க்கில் புதிய கேலரி கட்டும் வேலை முடியாததால், அந்த ஆண்டு அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதிப் போட்டி கில்லார்னிக்கு வந்தது. ஹர்லிங் என்பது வளைந்த மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் இன்னொரு கேலிக் ஆட்டம். டிப்பரேரி கவுண்டி கில்கென்னி கவுண்டியை வென்றது. திறந்து ஓராண்டே ஆன ஒரு சிற்றூர் மைதானத்தில் நாட்டின் இறுதிப் போட்டி! 1950-ல் கார்க்கும் டிப்பரேரியும் மோதிய மன்ஸ்டர் மாகாண ஹர்லிங் இறுதிப் போட்டிக்கு வந்த கூட்டம் வேலியைத் தாண்டி ஆடுகளத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. ஆனால் இவையெல்லாம் விருந்தாளிகள் ஆடியவை. மைதானத்தின் மூச்சு கெர்ரி அணிதான். 1903 முதல் 2025 வரை கெர்ரி வென்ற அகில அயர்லாந்துக் கால்பந்துப் பட்டங்கள் 39. அடுத்த இடத்தில் இருக்கும் டப்ளினுக்கு 31. ஒன்றரை லட்சம் பேர் கொண்ட மாவட்டம், நாட்டின் தலைநகரை விட 8 பட்டம் கூடுதலாக வைத்திருக்கிறது.

நேரு ஸ்டேடியத்தின் வரலாறு இரண்டு பெரிய மேடுகளும் நடுவில் நீண்ட சமவெளியுமாக இருக்கிறது. முதல் மேடு 1992. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி கால்பந்தின் இறுதிப் போட்டி கோவையில் நடந்தது. கேரளம் கோவாவை 3-0 என்று வீழ்த்தியது. 1973-க்குப் பிறகு கேரளத்துக்குக் கிடைத்த முதல் சந்தோஷ் டிராபி அது. அணித் தலைவர் வி.பி. சத்யன். அவர் வாழ்க்கை பின்னால் மலையாளத்தில் திரைப்படமாகவும் வந்தது. மலையாளக் கால்பந்து உலகம் தன் பொற்காலத்தின் தொடக்கத்தைப் பற்றிப் பேசும்போது கோவையின் பெயர் அதில் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வருவதில்லை, கால்பந்தும் வருகிறது. கோவையிலிருந்து எல்லை தாண்டிப் போனால் சுமார் 50 கிலோமீட்டரில் பாலக்காடு. அன்றைக்குக் கேரளத்துக்குக் கோவை வேற்றூராக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த நினைவை வைத்திருப்பவர்கள் அவர்கள். நம் ஊர் அந்த நாளைத் தன் சொத்தாக எழுதி வைக்கவில்லை.

இரண்டாவது மேடு 2019. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இந்த ஒப்பீட்டின் மையமே அதுதான்.

சென்னை சிட்டி 1946-ல் சென்னையில் தொடங்கிய கிளப்பின் வழி வந்தது. 2016-17-ல் ஐ-லீக்குக்குள் வந்தது. 2017-18 சீசனில் கோவையைத் தன் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு ஆடியது. அடுத்த சீசனில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் பயிற்சியில், இந்தியக் கால்பந்தில் அதிகம் காணாத ஒரு ஆட்டத்தை அது ஆடியது. பந்தைத் தூக்கி அடிக்காமல், தரையோடு தரையாகக் குறுக்குப் பாஸ்களில் நகர்த்திக்கொண்டு போகும் ஆட்டம். ஸ்பெயின் கிளப்புகளில் ஆடி வந்த மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் ஆகியோர் அந்த ஆட்டத்தின் மையம். கூடவே எட்வின் சிட்னி வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள். அந்த சீசனில் மான்சி மட்டும் 21 கோல். சுவிட்சர்லாந்தின் பெரிய கிளப்பான எஃப்.சி. பாசல் 2019 தொடக்கத்தில் இந்த அணியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஐரோப்பிய கிளப் ஒன்றின் பார்வை கோவை மைதானத்தின் மேல் விழுந்தது. கேலரிக்கு ஆட்கள் வந்தார்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டும் வந்தார்கள். அந்த அணி ஆடியது அழகான ஆட்டம். அதைக் குறைத்துச் சொல்பவர்கள் அதைப் பார்க்காதவர்கள்.

ஆனால் பனியனில் இருந்த பெயர் சென்னை. கோவைக்காரர் தன் மகனிடம் ‘நம்ம டீம்’ என்று சொல்லவேண்டுமானால், இன்னொரு ஊரின் பெயரைச் சொல்லிச் சொல்லவேண்டியிருந்தது. பட்டம் வென்ற அணி 2020 மார்ச்சில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கோப்பைப் போட்டியில் மாலத்தீவின் மாசியா அணியைச் ‘சொந்த மைதானத்தில்’ சந்தித்தபோது, அந்தச் சொந்த மைதானம் அகமதாபாத்தில் இருந்தது. 2-2 என்று சமனில் முடிந்த அந்த ஆட்டத்தைக் கோவை பார்க்கவில்லை. பிறகு கொரோனா. 2020-21 ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்கத்தில் நடந்தது. அதற்குப் பின் அணியே இல்லை. ஆட்டக்காரர்கள் அவரவர் வழியில் வேறு கிளப்புகளுக்குப் போனார்கள். அது அவர்கள் தொழில், போகத்தான் செய்வார்கள். ஊரில் மிஞ்சியது ஸ்கோர் மட்டும்.

இதே கதை கெர்ரியில் நடக்க முடியாது என்பதற்கு ஒரே காரணம், அங்கே அணி என்பது கம்பெனி அல்ல. கீழே ஊர் கிளப். ஒரு தேவாலயப் பங்கின் எல்லைக்குள் பிறந்து வளர்ந்தவர்கள் அந்தக் கிளப்பில்தான் ஆடுவார்கள். அந்தக் கிளப்புகளிலிருந்து தேர்ந்தவர்கள் கவுண்டி அணிக்குப் போகிறார்கள். கெர்ரிக்காரர் டப்ளினில் வேலைக்குப் போனாலும், தன் கவுண்டிக்கே ஆட வார இறுதியில் ஊருக்கு வண்டி பிடித்து வருவது அங்கே சர்வ சாதாரணம். இன்றைக்கு அந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரர் என்று பலர் சொல்லும் டேவிட் கிளிஃபர்ட், கில்லார்னியை ஒட்டிய ஃபாசா என்ற சின்னக் கிளப்பைச் சேர்ந்தவர். தொழில் பள்ளி ஆசிரியர். கெர்ரியோடு 2022-லும் 2025-லும் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றவர். இடையில் 2023 ஜனவரியில் ஃபாசாவுக்கு ஆடி, சிறு கிளப்புகளுக்கான அகில அயர்லாந்துப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். நாட்டின் பெரிய நட்சத்திரம், தெருக்காரர்களோடு சேர்ந்து கீழ்நிலைப் போட்டியில் ஆடுகிறார். அவரை விலைக்கு வாங்க யாராலும் முடியாது; விற்கவும் யாருக்கும் உரிமை இல்லை.

ஆலமரத்தின் விழுது மண்ணில் இறங்கி அதுவே தண்டாகி மரத்தைத் தாங்குவதைப்போல, அந்தச் சிறு கிளப்புகள்தான் கில்லார்னியின் 38,000 பேர் கொண்ட மைதானத்தைத் தாங்குகின்றன. ஒரு அணி தோற்றால் அடுத்த ஆண்டு பார்க்கலாம். அணியே மறைந்துபோகும் என்ற பயம் அங்கே யாருக்கும் கிடையாது.

கெர்ரியை நான் கோயிலாக்கவில்லை. அந்தச் சங்கத்தின் வரலாற்றில் இறுக்கமும் உண்டு. ‘அந்நிய ஆட்டம்’ என்று சொல்லிச் சாதாரணக் கால்பந்தும் ரக்பியும் ஆடும் உறுப்பினர்களை அது பல பத்தாண்டுகள் தள்ளி வைத்தது. பார்க்கப் போனாலே தண்டனை. அந்தத் தடை நீங்கியது 1971-ல், நம் நேரு ஸ்டேடியம் கட்டப்பட்ட அதே ஆண்டில். குரோக் பார்க்கில் கால்பந்தும் ரக்பியும் ஆட 2007 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. சம்பளம் இல்லை என்பது பெருமையாகத் தெரிந்தாலும், பகலில் வேலையும் மாலையில் பயிற்சியுமாக உடலை முறுக்கிக்கொள்ளும் இளைஞர்களின் பாரம் சின்னது இல்லை. மேற்கு அயர்லாந்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வேலைக்காக வெளிநாடு போய்விடுவதால், 15 பேரைத் திரட்ட முடியாமல் பக்கத்துக் கிளப்போடு சேர்ந்து ஆடும் ஊர்களும் இருக்கின்றன. ஊர்ப்பற்று மட்டும் ஊரைக் காப்பாற்றிவிடாது.

நேரு ஸ்டேடியத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் இந்த ஒப்பீடு பொய்யாகிவிடும். அது எல்லாருக்கும் பொதுவான மைதானம். செயற்கை இழைத் தடத்தில் விடியற்காலையில் ஓடுபவர்களில், ஓட்டத்தால் ஒரு வேலையோ கல்லூரி இடமோ கிடைக்கும் என்று நம்பி வந்த கிராமத்துப் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். நடைப்பயிற்சிக்கு வரும் ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். பள்ளி மண்டலப் போட்டிகள், மாவட்டத் தடகளம், போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் என்று எத்தனை பேர். கேலிக் கவுண்டி மைதானம் பெரும்பாலும் ஆட்ட நாளுக்குத் திறப்பது. நம் மைதானம் தினமும் உழைக்கிறது. இப்படி உழைக்கும் இடத்துக்குப் பெரிய ஆட்டம் இல்லை என்பதால் மதிப்புக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் 30,000 பேருக்கான கேலரி காலியாகக் கிடப்பது உண்மை. அந்தக் கேலரிக்கென்று ஒரு அணி இல்லை என்பதுதான் குறை.

கொங்கு நாட்டில் ஊர் உணர்வு இல்லையா? இதைக் கேட்டாலே நம் ஆட்கள் சிரிப்பார்கள். கோயில் நோம்பி வந்தால் இரவெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் கபடி நடக்கும். பனியனில் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு வரும் அணிகளைப் பார்க்கப் பக்கத்து ஊர்கள் வண்டி கட்டி வந்தன, இப்போது பைக்கில் வருகின்றன. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா பந்தயத்தில் காங்கேயம் காளைகளைப் பூட்டி 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டி, நொடிக்கணக்கில் நேரம் பார்ப்பார்கள். காளையின் பெயரோடு ஊரின் பெயரும் மைக்கில் ஒலிக்கும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு எழுந்தபோது, கோவையின் இளைஞர்கள் திரண்ட இடம் இதே நேரு ஸ்டேடியத்தின் பக்கத்திலுள்ள வ.உ.சி. மைதானம். ஊர் ஆட்டத்தை ஊர் விட்டுக்கொடுக்காது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கேலிக் சங்கம் பிறந்ததும் இப்படியொரு உணர்வில்தான்.

கூடைப்பந்தைப் பாருங்கள். வ.உ.சி. பூங்கா அருகே மாநகராட்சிக் கூடைப்பந்து அரங்கில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை. நாட்டின் நல்ல அணிகள் அந்தச் சின்ன அரங்குக்கு ஆண்டுதோறும் வருகின்றன. ஒரு குடும்பமும் ஒரு மாவட்டச் சங்கமும் ஒரு தேதியைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டதால் வந்த வளம் அது. நேரு ஸ்டேடியத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இந்தப் பாடம் இருக்கிறது. அங்கே கேலரி சிறிது, மரபு பெரிது. இங்கே கேலரி பெரிது, மரபு இன்னும் தொடங்கவில்லை.

கெர்ரியின் ஃபாசாவுக்குக் கொங்கில் ஒரு நேர் உறவு வேண்டுமென்றால், சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியைச் சொல்வேன். டென்னிஸ் பந்தில் ஆடத் தொடங்கி இந்திய அணியின் வேகப்பந்து வீச்சாளராக உயர்ந்த டி. நடராஜன், தான் சம்பாதித்த பணத்தில் தன் ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானம் உண்டாக்கினார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து அதைத் திறந்துவைத்தார். அந்த ஊரில் பந்து வீசும் பையனுக்கு அந்த மைதானம் யாருடையது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கில்லார்னிக்காரர்கள் இறந்த வீரருக்காக மைதானம் கட்டினார்கள். சின்னப்பம்பட்டியில் வீரரே தன் ஊருக்காகக் கட்டினார். இரண்டாவதை நான் ஒரு படி மேலாகவே வைப்பேன்.

எனவே உணர்வு இருக்கிறது, பணம் இருக்கிறது, கொடுக்கும் மனமும் இருக்கிறது. பஞ்சாலை முதலாளிகள் கல்லூரியும் மருத்துவமனையும் கட்டிய ஊர் இது. இல்லாதது, ஊர் கிளப்பிலிருந்து மாவட்ட அணி வரை போகும் ஏணி. ஒரு பையன் சூலூரிலோ மேட்டுப்பாளையத்திலோ நன்றாகக் கால்பந்து ஆடினால், அவன் அடுத்து எங்கே போவான்? பள்ளி அணி, மாவட்டத் தேர்வு, அப்புறம் சென்னையில் ஏதாவது வங்கி அணி. ‘கோவை’ என்று நெஞ்சில் எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு, தன் ஊர்க்காரர்கள் முன்னால் நேரு ஸ்டேடியத்தில் ஆடும் நாள் அவனுக்கு வராது. கிரிக்கெட்டில் டி.என்.பி.எல். என்ற மாநில லீக்கின் கோவை கிங்ஸ் இருக்கிறது, 2023-ல் பட்டமும் வென்றது. ஆனால் அங்கேயும் ஆட்டக்காரர்கள் ஏலத்திலும் தேர்விலும் வருகிறார்கள்; ஊர்ப் பெயர் அணியில் இருக்கிறது, ஊர் அணிக்குள் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

தொழில்முறை அணியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மான்சியின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். வெளியிலிருந்து வரும் அணி ஊருக்கு ஒரு கண்ணைத் திறந்துவிடலாம், அதைத் தாங்கிப்பிடிக்க ஊருக்குள் ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கவேண்டும். 2019-ல் அது இல்லை. பட்டம் வென்ற மறுநாள், அந்தக் கேலரியில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பிள்ளைகளை எந்தக் கிளப்புக்கு அனுப்புவது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. கோவையின் தோல்வி அங்கேதான் நடந்தது, 2021-ல் அல்ல.

இப்போது புதிய அரங்குகளைப் பற்றிய பேச்சு ஓடுகிறது. 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கோவைக்குச் சர்வதேசக் கிரிக்கெட் அரங்கம் வரும் என்ற வாக்குறுதி வந்தது. வரட்டும். ஆனால் இருக்கிற மைதானத்துக்கு உயிர் கொடுக்கப் புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம், நீலகிரி மாவட்டங்கள் ஒவ்வொன்றும் தன் மண்ணில் பிறந்த அல்லது வளர்ந்த ஆட்டக்காரர்களை மட்டும் கொண்டு ஓர் அணி அமைத்து, ஆண்டுக்கு ஒரு முறை கொங்குக் கோப்பை ஆடட்டும். இறுதிப் போட்டி எப்போதும் நேரு ஸ்டேடியத்தில், எப்போதும் ஒரே தேதியில். வட்டத்துக்கு வட்டம் ஆடும் தகுதிப் போட்டிகளை மாவட்டக் கால்பந்துச் சங்கங்கள் நடத்தட்டும். செலவைத் தாங்க இந்த ஊரில் மில்களும் பம்ப் கம்பெனிகளும் பவுண்டரிகளும் இல்லாமலா போய்விட்டன? மைதானத்தின் வாசலில் 1992-ஐயும் 2019 மார்ச் 9-ஐயும் கல்லில் பொறித்து வையுங்கள். இங்கே என்ன நடந்தது என்று ஓட வரும் பிள்ளைகள் படிக்கட்டும்.

அதுவரைக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாவட்ட லீக் ஆட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டால், ஒரு மாலை போய்க் கேலரியில் உட்காருங்கள். பந்தடிக்கும் பையன் எந்த ஊர் என்று விசாரியுங்கள்.